மண் வெடித்த மூட்டமும் நைட்ரஜன் தீர்ந்த சிலிண்டரும்

ஆய்வகத்தில் மறக்க முடியாத நாளைப் பற்றி இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையது நைட்ரஜன் தீர்ந்துபோன நாள்.

எனக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுபவர், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்குபவர். நான் பெங்களூருவில், விறகு சூட்டில் எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். லீவுக்குப் போய்த் திரும்பும்போது சீமைக்கருவேலக் கட்டை நான்கைப் பஸ்ஸிலேயே கொண்டுவந்து, அரைத்துச் சலித்து வைத்திருந்தேன்.

நான் பயன்படுத்தும் டி.ஜி.ஏ. (வெப்ப எடைப் பகுப்பாய்வு) கருவி என்பது அடுப்புக்குள் இருக்கும் ஒரு தராசுதான். 10 மில்லிகிராம் தூளை வைத்து, காற்று புகாமலிருக்க நைட்ரஜனை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 800 வரை சூடேற்றுவேன். 110 டிகிரிக்குள் ஈரம் போய்விடும். பிறகு மரத்தின் மூன்று முக்கியப் பொருள்கள் ஒவ்வொன்றாகச் சிதையும். 220க்கு மேல் ஹெமிசெல்லுலோஸ் உடையும். 315இலிருந்து 400க்குள் செல்லுலோஸ் மளமளவென்று சரியும். லிக்னின் மட்டும் கடைசிவரை மெதுவாகக் குறைந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கரி மிஞ்சும்.

அன்று 400ஐத் தாண்டியும் எடை விழுந்துகொண்டே போனது. திறந்து பார்த்தால் கிண்ணத்தில் துளிச் சாம்பல். சிலிண்டர் காலி, உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மண்ணு வெடிச்சிருக்கும்ப்பா, பூசலையா?"

அதேதான். மூட்டத்தின் மேல்மண்ணில் விரிசல் விட்டால் காற்று நுழைந்து, விடிவதற்குள் கரியெல்லாம் சாம்பலாகிவிடும். அதற்காகவே அப்பா ராத்திரி முழுக்கச் சேற்றுச் சட்டியோடு சுற்றி வருவார். வெள்ளைப் புகை வந்தால் ஈரம் போகிறது. மஞ்சளித்துக் கனத்தால் கட்டை உடைகிறது. மெல்லிய நீலமானால் மூட்டம் வெந்துவிட்டது, துவாரங்களை அடைக்கலாம். நான் திரையில் பார்க்கும் எடைக் கோட்டை அவர் புகையில் பார்க்கிறார். இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

•

அண்ணா, நான் நெய்வேலிப் பொண்ணு, நானும் பெங்களூருவில்தான். இதே கருவியில் எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கிறேன். அதில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். மார்ச் மாதம் ஒருநாள் நிலக்கரிப் பையைச் சரியாக மூடாமல் போய்விட்டேன். மறுநாளிலிருந்து ஈரத்தின் அளவு ஒவ்வொரு சோதனையிலும் வேறு வேறாக வந்தது. ஒரு வார வேலை வீண்.

இன்னொன்று: நிமிடத்துக்கு 5, 10, 20 டிகிரி வேகங்களில் ஓட்டியபோது உச்சி, அதாவது எடை மிக வேகமாகக் குறையும் வெப்பநிலை, ஒவ்வொரு முறையும் மேலே தள்ளிப்போனது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அந்த நகர்வை வைத்துத்தான் கிளர்வு ஆற்றலை (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கணக்கிடுகிறார்கள், 1957இலேயே கிஸிஞ்சர் என்ற ஆய்வாளர் அதற்கு வழி சொல்லிவிட்டார் என்று சீனியர் அக்கா உட்காரவைத்து விளக்கினார்.

•

சரிம்மா, நானும் மூன்று வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் முன் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிடுகிறேன். "மண்ணு பூசிட்டியா" என்று அப்பாவும் வாராவாரம் கேட்கிறார்.