மக்காச்சோளம் தாங்கியது, உளுந்து தாங்கவில்லை: களைக்கொல்லி அனுபவங்கள்

பெரம்பலூர் பக்கம், மக்காச்சோளம்

நான்கு வருடம் முன்பு புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றினேன். வீட்டுத் தேவைக்காக இடையிடையே உளுந்தும் போட்டிருந்தேன். மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, அட்ரசின் 50 தூள் என்ற களைக்கொல்லியை ஏக்கருக்கு 200 கிராம் அடித்தேன். மருந்துக்கடையில் உளுந்து இருப்பதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

உளுந்து நன்றாகவே முளைத்தது. அதனால் கவலைப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் இலை ஓரம் மஞ்சளானது, அப்புறம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டே வந்தது. வேரழுகல் என்று நினைத்து அதற்கு ஒரு மருந்து வாங்கி ஊற்றினேன், அந்தப் பணமும் போனது. உளுந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு சாண் தள்ளி நின்ற மக்காச்சோளத்துக்கு எதுவும் ஆகவில்லை.

வேளாண் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் வந்து பார்த்துவிட்டு, “மாமா, இது நோய் இல்லை, நீங்கள் அடித்த அட்ரசின்தான்” என்றாள். அது முளைப்பைத் தடுக்காதாம். வேர் வழியாக ஏறி, இலையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்துமாம். அதனால்தான் முளைத்து, இலை விரித்து, அப்புறம் செத்திருக்கிறது.

“அப்படியானால் மக்காச்சோள வேர் மட்டும் அதை உறிஞ்சாதா?” என்று கேட்டேன். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவள் சொன்ன பதில் என் புத்தியைத் திருப்பிப் போட்டது. மக்காச்சோளமும் அதே மருந்தைக் குடிக்கிறது. குடித்ததைச் செரித்துவிடுகிறது. குளூட்டத்தயோன் என்று ஒரு சின்னப் பொருள் செடிக்குள் இருக்கிறது, மூன்று அமினோ அமிலங்கள் கோத்தது. அட்ரசினில் குளோரின் இருக்கும் இடத்தில் குளோரினைத் தள்ளிவிட்டு இதை ஒட்ட வைக்க ஒரு நொதி உண்டு. பெயர் குளூட்டத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக ஜிஎஸ்டி. ஒட்டியதும் விஷம் போய்விடும். பிறகு அதைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளி அடைத்துவிடும். 1970-லேயே ஃபிரியர், ஸ்வான்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மக்காச்சோளத்தில் இந்த நொதியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சோளத்துக்கும் இந்தத் திறன் உண்டு. உளுந்துக்கு அந்த வேகம் கிடையாது.

பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் கூடாது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. நான் படித்ததே அதற்கு அப்புறம்தான்.

திருவாரூர், நெல்

அண்ணே, எனக்கு நெல்லிலேயே இப்படி நடந்தது. அதுவரை நடவு வயலுக்கு பிரெட்டிலாகுளோர் 50 இசி என்ற களைக்கொல்லிதான் போடுவேன், ஒரு குறையும் இல்லை. ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் டிரம் சீடர் என்ற உருளை விதைப்புக் கருவியில் சேற்று விதைப்பு செய்து, வீட்டில் மிச்சம் இருந்த அதே டப்பாவைப் போட்டேன். முளை வெளியே வரத் திணறியது. வந்த நாற்றும் குட்டையாக, இலை முறுக்கிக்கொண்டு நின்றது. பாதி வயலை மறுபடி விதைத்தேன்.

நேரடி விதைப்புக்கு சேஃப்னர், அதாவது பயிரைக் காக்கும் துணைப்பொருள், கலந்த பிரெட்டிலாகுளோர் தனியாக வருகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதில் இருக்கும் ஃபென்குளோரிம், களையை ஒன்றும் செய்யாது. நெல் முளைக்குள் போய், நீங்கள் சொன்ன அதே ஜிஎஸ்டி நொதியைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. வளர்ந்த நாற்று தானே சமாளித்துக்கொள்ளும். மூன்று நாள் முளைக்கு அந்தத் துணை வேண்டியிருக்கிறது. டப்பாவில் பெயர் ஒன்றுபோல இருப்பதால் தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள். சேஃப்னர் இருக்கிறதா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கிளிநொச்சி, நெல்

என்னுடையது பழைய கதை. அப்போது இங்கே எல்லோரும் புல்லுக்கு 3,4 டிபிஏ தான் அடிப்போம். புரொப்பனில் என்பது அதன் மருந்துப் பெயர். குதிரைவாலிப் புல் கருகும், நெல் நிற்கும். ஒருமுறை கூலி மிச்சம் என்று பூச்சிக்கு வாங்கிய கார்பரிலையும் அதே தாங்கியில் கலந்து அடித்தேன். மூன்றாம் நாள் நெல்லும் புல்லோடு சேர்ந்து எரிந்துபோய்க் கிடந்தது. என் அப்பா வரம்பில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசவில்லை.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர்தான் விளக்கினார். நெல் இலையில் அரைல் அசைலமிடேஸ் என்ற நொதி புரொப்பனிலை இரண்டாக வெட்டி விடுகிறது, புல்லில் அது மிகக் குறைவு. கார்பரில் போன்ற கார்பமேட் மருந்துகளும், ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் அந்த நொதியைக் கட்டிப்போடும். நெல்லின் கையை நானே கட்டிவிட்டு விஷத்தை ஊட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த இரண்டு மருந்தையும் நான் கலந்ததில்லை.

பெரம்பலூர் (மறுபடி)

கிளிநொச்சி ஐயா, இங்கேயும் எல்லா மருந்தையும் ஒரே டேங்க்கில் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் பதிவை எங்கள் உழவர் குழுவில் வாசித்துக் காட்டப் போகிறேன்.

கர்னாலில் வேலை பார்த்தவர்

ஹரியானாவில் சில வருடம் கோதுமை வயல்களில் வேலை பார்த்தேன். அங்கே மண்டூசி என்று ஒரு புல், இளசில் அப்படியே கோதுமை மாதிரி இருக்கும். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதற்கு ஐசோபுரோட்டுரான் அடித்தார்கள். கோதுமை சைட்டோகுரோம் பி450 நொதிகளால் அதை உடைத்துத் தப்பிக்கும். வருடாவருடம் அதே மருந்து. 1990-களின் தொடக்கத்தில் மண்டூசி சாகாமல் நிற்க ஆரம்பித்தது. ஆராய்ந்தபோது, கோதுமை செய்யும் அதே வேலையை அந்தப் புல்லும் செய்துகொண்டிருந்தது. செரிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு செடிகள் ஒவ்வொரு வருடமும் தப்பி, அவற்றின் விதையே வயல் முழுக்கப் பரவியிருக்கிறது.

புல் மண்டி, கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்களின் கதையை அங்குள்ள பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் இரண்டு வருடம் கோதுமையை விட்டுவிட்டு பெர்சீம் தீவனம் போட்டார். அடிக்கடி அறுப்பதால் மண்டூசி விதை கட்டவே முடியவில்லை. மூன்றாம் வருடம் கோதுமை விதைத்தபோது கையால் பிடுங்கும் அளவுக்குத்தான் புல் இருந்தது.