கிராக்சைட் மாளிகை: பூச்சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும் வீடு. பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

இங்கிலாந்தில் நார்த்தம்பர்லேண்ட் பகுதி, ராத்பரி ஊருக்குப் பக்கத்தில் கிராக்சைட். ஹைட்ராலிக் கிரேன் செய்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1863-இல் கட்டத் தொடங்கியது. 1869 முதல் ரிச்சர்ட் நார்மன் ஷா என்ற கட்டடக்கலைஞர் அதைப் பெரிதாக்கினார். 1977 முதல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. இந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே "நீர்மின்சாரத்தில் விளக்கு எரிந்த உலகின் முதல் வீடு" என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை விளக்கு, எவ்வளவு தூரத்துக்குக் கம்பி, என்னவெல்லாம் சிக்கல் வந்திருக்கும்? கணக்கோடு எழுதுங்கள்.

வயர்மேன்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அங்கே விளக்கு வந்தது இரண்டு கட்டமாக. 1878-இல் படக்கூடத்தில் எரிந்தது ஆர்க் விளக்கு. இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே தீப்பொறி நிலையாக நின்று எரியும் வகை அது. கண்ணைக் கூசும், இரையும், கரி தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, அதைச் சின்னச் சின்ன விளக்குகளாகப் பிரித்து அறைக்கு ஒன்றாக வைக்க முடியாது. 1880 டிசம்பரில் ஜோசப் ஸ்வானின் கரியிழை பல்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு ஏற்ற வெளிச்சம் கிடைத்தது. மொத்தம் 45 பல்பு. அறைக்கு அறை அணைத்து ஏற்றும் வசதி இருந்ததால், ஒரே நேரத்தில் 37-க்கு மேல் தேவைப்படவில்லை என்று ஆம்ஸ்ட்ராங்கே எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் 25 மெழுகுவத்தி வெளிச்சம். இன்றைய கணக்கில் பல்புக்கு 310 லூமன் (வெளிச்சத்தின் அலகு) போல வரும். 37-ஐயும் சேர்த்தாலும் ஒன்பது வாட் எல்இடி பல்பு பதின்மூன்றுக்குச் சமம். அதற்கு டர்பைனிலிருந்து, அதாவது நீர் விசையில் சுழலும் சக்கரத்திலிருந்து, ஆறு குதிரைத்திறன் எடுத்தார்கள்.

இனி கம்பி. என்னைக் கேட்டால் அந்த வீட்டின் உண்மையான சாதனை இதில்தான் இருக்கிறது. டர்பைன் சுழற்றி மின்சாரம் தரும் டைனமோ இருந்தது வீட்டிலிருந்து 1,500 கஜம் தள்ளி. போக ஒன்று, வர ஒன்று என்று 3,000 கஜம் செம்புக்கம்பி. பர்மிங்காம் கேஜ் என்ற கம்பித் தடிமன் அளவுமுறையில் ஒன்றாம் எண், அதாவது விட்டம் 7.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: செம்பு மட்டும் ஒரு டன்னுக்கு மேல், மின்தடை சுமார் 1 ஓம். அந்தக் காலச் செம்பின் தூய்மை குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே இருந்திருக்கும்.

ஒரு ஓம் தானே என்று விட்டுவிடக் கூடாது. 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 20 வோல்ட் போய்விடும். பாதி அறைகளை அணைத்து 10 ஆம்பியர் ஆக்கினால் 10 வோல்ட்தான் போகும். மிச்சம் எரிகிற பல்புகளுக்கு வோல்டேஜ் திடீரென்று ஏறும், இழை வெள்ளையாகப் பிரகாசித்துச் சீக்கிரம் அறுந்துபோகும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை நிறுத்தினால் நம் வீட்டு பல்பு பளிச்சென்று ஆகிறதே, அதே கதைதான். ஒரு வழி: எரிகிற விளக்குக்குத் தக்கபடி டர்பைன் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒன்றரை ஆயிரம் கஜம் தள்ளி நிற்கிறவருக்கு வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்பது எப்படித் தெரியும்?

பட்டறை

தலைப்பில் இருக்கிற பூச்சாடிக்கு வருகிறேன். நூலகம் 33 அடிக்கு 20 அடி, அதில் எட்டு பல்பு. நான்கு ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் மேலிருந்து தொங்கின, மற்ற நான்கும் ஆளுக்கொரு சாடியின் மேல். சாடி செம்பு, மேலே எனாமல் பூச்சு. செம்பு உடம்பே திரும்பும் மின்சாரத்துக்கு வழி, அடியில் உலோகத் தட்டு. போகிற மின்சாரத்துக்கு, தட்டின் நடுவில் தனியாகக் காப்பிட்ட ஒரு சின்னக் குழி, அதில் பாதரசம். காப்பிட்ட கம்பி ஒன்று பல்பிலிருந்து சாடிக்குள் இறங்கி அடித்துளை வழியாக வெளியே வரும், அதன் நுனி மட்டும் வெற்றுக்கம்பி. சாடியை வைத்தால் நுனி பாதரசத்தில் முங்கி விளக்கு எரியும். தூக்கினால் அணையும். சுவிட்சும் இல்லை, பிளக்கும் இல்லை!

பார்க்க அழகு, பராமரிக்கச் சிரமம். மின்சாரம் ஓடும்போது தூக்கினால் நுனியில் பொறி பறக்கும். அதில் பாதரசத்தின் மேல் கருப்பாக ஆடை படியும், அதை எடுக்காவிட்டால் விளக்கு துடிக்கும். தட்டில் பாலிஷ் மெழுகோ தூசியோ ஒட்டினாலும் அதே துடிப்புதான். பொறியோடு பாதரச ஆவியும் கிளம்பும். இன்றைக்கு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எனாமல் பெயர்ந்த இடத்தில் கை பட்டால் அது மின்சாரம் ஓடும் செம்பு என்பதையும் மறக்கக் கூடாது.

நீர்வழி

வயர்மேன் அண்ணா, தண்ணீர்ப் பக்கமும் கொஞ்சம். முதல் டர்பைனுக்குக் கிடைத்த நீர்வீழ்ச்சி 29 அடி. ஆறு குதிரைத்திறன் வேண்டுமென்றால், 70 சதவீதத் திறன் என்று வைத்தாலும், வினாடிக்கு 74 லிட்டர் வேண்டும். மழை இல்லாத வாரத்தில் அது பெரிய செலவு. 1886-இல் பர்ன்ஃபுட் மின்நிலையம் கட்டியபோது, மேலே இருக்கிற நெல்லீஸ் மாஸ் ஏரிகளிலிருந்து 340 அடி இறக்கத்தில் குழாய் கொண்டுவந்தார்கள். உயரம் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு, ஆகவே அதே ஆறு குதிரைத்திறனுக்கு 6 லிட்டர் சொச்சம் போதும். ஆனால் குழாயின் அடியில் பத்து பார் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு, நிற்கும். வால்வைப் பட்டென்று மூடினால் குழாய் அதிர்ந்து இணைப்பு பிளக்கும், நிதானமாகத்தான் திருக வேண்டும். நீர் நுழையும் வாயில் வலையில் இலையும் குச்சியும் அடைத்தால் வேகம் விழும், விளக்கு மங்கும். இலையுதிர் காலத்தில் வலையைத் தினமும் வாரியாக வேண்டும்.

மின்சாரத்துக்கு முன்பே அங்கே தண்ணீர்தான் வேலைக்காரன். டம்பிள்டன் ஏரிக்குக் கீழே, நீர் விசையிலேயே ஓடும் பம்ப், மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. அதன் அழுத்தத்தில் வீட்டு லிஃப்டும் அடுப்படியில் இறைச்சி சுடும் கம்பியும் இயங்கின.

வயர்மேன்

நீர்வழி சொன்னதோடு ஒன்று. 2014-இல் டம்பிள்டன் ஏரியில் 17 மீட்டர் நீளத்துக்கு ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்று வைத்து, மறுபடி நீர்மின்சாரம் எடுக்கிறார்கள், 12 கிலோவாட். குறைந்த இறக்கத்துக்குத் திருகுதான் பொருத்தம். மெதுவாகச் சுற்றும், சின்னக் குச்சியும் இலையும் வந்தாலும் சிக்காமல் கடத்திவிடும், மீனுக்கும் சேதம் குறைவு. போகிறவர்கள் வீட்டோடு திரும்பிவிடாமல், திருகையும் பர்ன்ஃபுட் மின்நிலையத்தையும் பாருங்கள். நூலகத்தில் அந்தச் சாடிகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடியை அல்ல, அடித்தட்டைக் குனிந்து பாருங்கள்.