இறால் குளத்து எயரேட்டர் நின்றால் போனுக்கு எஸ்எம்எஸ் வரவேண்டும், டொங்கிள் பாதியில் தொங்குகிறது

களப்புக்கரை (வாகரைப் பக்கம்):

வணக்கம். களப்பை ஒட்டி எங்களுக்கு மூன்று இறால் குளம் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் இரவு ஒன்றரை மணிபோல கரண்ட் போய், ஜெனரேட்டரும் பிடிக்காமல், காவலுக்கு நின்ற ஐயாவும் கண்ணயர்ந்துவிட்டார். விடியப் போய்ப் பார்த்தால் இரண்டாம் குளத்தில் இறால் எல்லாம் ஓரத்துக்கு வந்து மேலே மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நிற்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. ஐயாவில் குறை சொல்ல மாட்டேன், பகல் முழுக்க வலை இழுத்த மனிசன். எயரேட்டர் (குளத்துத் தண்ணிக்குக் காற்றுக் கொடுக்கிற மோட்டர்) நின்ற உடனே எனக்கும் அவருக்கும் தகவல் வர ஒரு வழி இருந்திருந்தால் அன்றைக்கு அந்தக் குளத்தைக் காப்பாற்றியிருக்கலாம், அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

பண்ணையில் இன்டர்நெட் இல்லை. அதனால் ராஸ்பெரி பை 3 (கையளவு கம்ப்யூட்டர், சுருக்கமாக ‘பை’) ஒன்றில் வீட்டில் கிடந்த பழைய 3ஜி டொங்கிளை (சிம் போடுகிற யூஎஸ்பி மோடம்) குத்தி, மெசேஜ் அனுப்புகிற கம்மு என்ற புரோகிராமைப் போட்டு, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற அதன் எஸ்எம்எஸ்டியும் ஓடவிட்டிருக்கிறேன். மெசேஜ் போகிறது. பொழுதுபட ஐந்து மெசேஜ் அனுப்பிப் பார்த்தால் ஐந்தும் வந்துசேரும், விடிய அனுப்பினால் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும். டொங்கிளைக் கழற்றிக் குத்தினால் மறுபடி வேலை செய்கிறது. டொங்கிளிடம் சிக்னல் கேட்டால் (ஏடி+சிஎஸ்கியூ என்ற கட்டளை, 31 வரை வரும்) 8 என்று வருகிறது. பைக்கு ஒரு போன் சார்ஜர்தான் கொடுத்திருக்கிறேன். இதை நம்பி இரவில் படுக்கலாமா? எங்கே பிழை?

கல்லடிப்பாலம்:

தம்பி, அது பெரும்பாலும் கரண்ட் காணாமல் வருகிற பிரச்சினை. மெசேஜ் அனுப்புகிற அந்த நொடியில் டொங்கிள் திடீரென்று நிறைய இழுக்கும், அதுவும் சிக்னல் குறைந்த இடத்தில் தூரத்து டவரை எட்ட முழுப் பலத்தையும் கொடுக்க வேண்டியிருக்கும். போன் சார்ஜர் அதற்கு ஈடுகொடுக்காது. வோல்டேஜ் விழும், டொங்கிள் ஒரு கணம் செத்து மறுபடி எழும்பும். எழும்பும்போது பழைய பெயரில் வராது, ஏனென்றால் அந்தப் பெயரை எஸ்எம்எஸ்டி இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. பை அதற்கு வைத்த போர்ட் பெயர் டிடிஒய் யூஎஸ்பி 0 ஆக இருந்தது 1 என்றோ 3 என்றோ ஆகியிருக்கும், கம்மு 0-இன் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும். டிமெசேஜ் (பையின் குறிப்பேட்டைக் காட்டுகிற கட்டளை, dmesg) போட்டுப் பாருங்கள், யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று ஒரு வரி இருக்கும், நேரமும் இருக்கும்.

செய்யவேண்டியது இதுதான். தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் (பல யூஎஸ்பி துளை உள்ள பெட்டி) ஒன்றை வாங்கி டொங்கிளை அதில் போடுங்கள், பைக்கும் 2.5 அம்பியர் கொடுக்கக்கூடிய நல்ல சார்ஜர் ஒன்று. கம்முவின் கன்ஃபிக் ஃபைலில் யூஎஸ்பி 0 என்று எழுதாமல், டெவ் ஃபோல்டருக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி (by-id) என்று ஒன்று இருக்கும், அங்கே உள்ள நீளமான பெயரைக் கொடுங்கள். டொங்கிள் எத்தனை தரம் விழுந்து எழும்பினாலும் அந்தப் பெயர் மாறாது. மொடம்மனேஜர் என்று ஒரு புரோகிராம் பின்னால் ஓடினால் அதை நிறுத்திவிடுங்கள், அதுவும் அதே போர்ட்டுக்குள் வந்து கை வைக்கும்.

8 என்பது மைனஸ் 97 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு), பலம் குறைவு. போகும், ஆனால் மழை நாளில் நம்ப ஏலாது. டொங்கிளை பெட்டியில் வைக்காமல் ஒரு கம்பத்தில் உயர்த்திப் பாருங்கள். யூஎஸ்பி வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வயர் வருகிற ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். களப்புக் காற்று உப்பு, ஒரு மாரிக்குள் பின் எல்லாம் பச்சை பிடித்துவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஹைலிங்க் வகை டொங்கிள் மோடமாக வராது, நெட்வேர்க் கார்ட் மாதிரி வந்து நிற்கும், கம்மு அதோடு பேசாது. சிம்800எல் என்கிற சின்ன மோடப் பலகை மலிவு, ஆனால் அது 2ஜி மட்டும், அனுப்பும்போது 2 அம்பியர் வரை இழுக்கும். நீண்டகாலத்துக்கு என்றால் 4ஜி மொடியூல்தான் நல்லது.

வயரிங்_அக்கரைப்பற்று:

மோடக் கதையை மேலே உள்ளவர் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் கேட்பது வேறு: எயரேட்டர் நின்றது என்று பைக்கு எப்படித் தெரியும்? கரண்ட் இருக்கா இல்லையா என்று மட்டும் பார்க்கிறீர்களா? அப்படியென்றால் அது காணாது. மூன்று பேஸ் மோட்டர் என்றால் ஒரு பேஸ் போனாலே உறுமிக்கொண்டு நிற்கும், ஓவர்லோட் (மோட்டரைக் காக்கிற சுவிட்ச்) விழும், அந்த நேரம் பை குத்தியிருக்கிற பிளக்கில் கரண்ட் இருக்கும், அது எல்லாம் சுகம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நான் கல்முனையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் இதைக் கண்ணால் பார்த்தவன்.

மோட்டருக்குப் போகிற வயரைச் சுற்றிப் போடுகிற கரண்ட் சென்சிங் சுவிட்ச் வாங்குங்கள், ஒவ்வொரு எயரேட்டருக்கும் ஒன்று. மோட்டர் கரண்ட் இழுத்தால் அதன் கொன்டாக்ட் மூடும், நின்றால் திறக்கும். அந்த இரண்டு வயரை மட்டும் பைக்குக் கொண்டுவாருங்கள், 230 வோல்ட் பைக்குப் பக்கத்தில் வரவே கூடாது. மோட்டரின் சுவிட்ச் போர்டைத் திறக்கிற வேலையை வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், குளத்தங்கரை ஈரத்தில் அதில் விளையாட்டு வேண்டாம். கொன்டாக்ட் திறந்து 30 செக்கன் பொறுத்துத்தான் மெசேஜ் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் கண்சிமிட்டும்போதெல்லாம் மெசேஜ் வரும், நாலு நாளில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. இரண்டு மணி இரவில் மெசேஜ் சத்தத்துக்கு யார் எழும்புவார்? மெசேஜ் அனுப்பின கையோடு கோலும் எடுக்கவையுங்கள். டொங்கிளுக்குக் கொடுக்கிற கட்டளை ஏடிடி, நம்பர், கடைசியில் ஒரு அரைப்புள்ளி (;). அந்த அரைப்புள்ளி இருந்தால்தான் அது குரல் அழைப்பு. எடுத்துப் பேச ஒன்றுமில்லை, மணி அடித்தால் போதும். சில டொங்கிளில் கோல் வசதி பூட்டியிருக்கும், முதலில் அதைச் சோதியுங்கள்.

களப்புக்கரை:

நாநா, கரண்ட் இருக்கா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன பிறகு நெஞ்சு திக்கென்றது, எங்கள் முதலாம் குளத்து மோட்டர் இரண்டு தரம் அப்படி உறுமியிருக்கிறது. டிமெசேஜில் டிஸ்கனெக்ட் வரி இருந்தது அண்ணா, இரவு 11.40. ஹப் வாங்க நாளைக்கு டவுனுக்குப் போகிறேன். இன்னொரு கேள்வி, ஐயாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, தமிழில் அனுப்பினால் கேள்விக்குறியாக வருகிறது.

கோழிப்பண்ணை_படுவான்கரை:

தமிழுக்கு கம்முவில் யுனிகோட் என்ற ஒப்ஷனைச் சேர்க்க வேண்டும் தம்பி. இங்கிலீஷில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அந்த 70-உம் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. ‘குளம்’ நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து, ஏனென்றால் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘குளம் 2 நின்றுவிட்டது’ என்று அனுப்பினால் 21, அது காணும்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. எங்கள் கோழிக் கொட்டிலுக்கு இதே மாதிரி ஒரு சாமான் வைத்திருந்தோம், ஃபேன் நின்றால் மெசேஜ். ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் நடுப்பகல் ஃபேன் நின்றது, மெசேஜ் வரவில்லை, நாங்கள் செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். வந்து பார்த்தால் கொட்டிலின் நடுவில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. காரணம் தேடினால் சிம்மில் காசு இல்லை. எப்போது முடிந்தது என்றே தெரியாது, மெசேஜ் வராத நாளெல்லாம் நல்ல நாள் என்று நினைத்திருந்தோம்.

அன்றிலிருந்து தினமும் விடிய ஆறு மணிக்கும் பொழுதுபட ஆறு மணிக்கும் ‘நலம்’ என்று ஒரு மெசேஜ் வரவைத்திருக்கிறேன், அதோடு சிக்னல் எண்ணும். ‘நலம்’ வரவில்லை என்றால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். உங்களுக்கு இறால், அதனால் இரவில் கூடுதலாக வையுங்கள். வெளிச்சம் போனால் தண்ணிப் பாசி ஒட்சிசன் விடாது, அதுவும் சேர்ந்து மூச்சிழுக்கும், விடியப்புறம்தான் ஆகக் குறைவு. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒவ்வொன்று வரட்டும். பைக்கும் ஹப்புக்கும் சேர்த்து ஒரு பற்றரி பேக்கப் கட்டாயம், கரண்ட் போகும்போது அறிவிக்கிற சாமானே கரண்டோடு போகக்கூடாது. அப்புறம், மாரியில் வெள்ளம் வந்து கனநேரம் கரண்ட் இல்லாவிட்டால் டவரும் பற்றரி தீர்ந்து படுத்துவிடும். அந்த நாளில் இதை நம்பாமல் ஆள் நிற்க வேண்டும்.

களப்புக்கரை:

அக்கா, அண்ணா, நாநா, மூவருக்கும் நன்றி. எட்டு நாளாக ஓடுகிறது. ஹப் போட்ட பிறகு ஒரு டிஸ்கனெக்ட்டும் இல்லை. டொங்கிளை தென்னங்குற்றி ஒன்றில் உயர்த்தினேன், 8 ஆக இருந்தது 15 ஆகிவிட்டது. கோலுக்கு எஸ்எம்எஸ்டியை விட்டுவிட்டு கம்முவை நேரடியாகவே கூப்பிடுகிறேன், இரண்டும் ஒரே போர்ட்டுக்கு அடிபட்டது.

நேற்றிரவு யாருக்கும் சொல்லாமல் இரண்டாம் குளத்து பிரேக்கரை விழுத்தினேன். 30 செக்கன் கழிந்து என் போனில் மெசேஜ், அதற்குப் பின்னாலேயே மணி. ஐயாவின் போன் கொட்டிலுக்குள் அடித்த சத்தம் அங்கால குளக்கட்டுவரை கேட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர் என்னைக் கண்டு நின்றார், திட்டவில்லை, போனைத் திருப்பிக் காட்டி ‘ரெண்டாம் குளம் எண்டு தமிழிலயே வந்திருக்கு மகன்’ என்றார். மூன்றாம் குளத்துக்கு இன்னும் கரண்ட் சுவிட்ச் போடவில்லை, வெள்ளிக்கிழமை வயரிங் ஆள் வருகிறார். அதுவரைக்கும் அந்தக் குளத்துக்கு நானே இரவில் நிற்கிறேன்.