கோச் பிரைமை நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? (டியான் சாண்டர்ஸ், அமெரிக்கன் ஃபுட்பால் கோச்)

போல்டர்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். 2022 ஆகஸ்ட்ல கொலராடோ யுனிவர்சிட்டிக்கு எம்எஸ் படிக்க வந்தேன். அந்த வருஷம் காலேஜ் ஃபுட்பால் டீம் 12 மேட்ச் ஆடி ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சுது. ரூம்மேட் டிக்கெட்டை சும்மா தரேன்னான், நான் போனதே ரால்ஃபிக்காகத்தான், மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிஜ எருமையை (பைசன்) கிரவுண்ட்ல ஓட விடுவாங்க, நம்ம ஊர் மஞ்சுவிரட்டு ஞாபகம் வந்துடுச்சு. டிசம்பர்ல டியான் கோச்சா வராருன்னாங்க. ஏப்ரல்ல டீம் தனக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சு ஆடுற ஒரு ப்ராக்டிஸ் மேட்ச், பனி கொட்டுது, அதுக்கு 47 ஆயிரம் பேர்! டிவில லைவ் வேற.

நான் மறக்காதது 2023 செப்டம்பர் 16, கொலராடோ ஸ்டேட்ங்கற இன்னொரு யுனிவர்சிட்டியோட மேட்ச். அவங்க கோச், பெரியவங்ககிட்ட பேசும்போது நான் தொப்பியும் கண்ணாடியும் கழட்டிடுவேன்னு இவரைக் குத்திப் பேசிட்டாரு. இவர் பதிலுக்கு டீமுக்கே ஆளுக்கொரு கூலிங் கிளாஸ் குடுத்தாரு. மேட்ச் ராத்திரி 8 மணிக்கு, ஆனா எங்க வரிசைல பாதிப் பேர் கருப்புக் கண்ணாடி, படி தெரியாம தடுக்கிக்கிட்டு வரானுங்க. கடைசில 8 பாயின்ட் பின்னாடி இருக்கோம், பந்தோட 98 கெஜம் போகணும், க்வார்ட்டர்பேக் (பந்தை எறியறவன்) இவரோட மகன் ஷெடூர், 36 செகண்ட் மிச்சம் இருக்கும்போது டச்டவுன் (பந்தை எதிர் கோடு தாண்டிக் கொண்டு போனா 6 பாயின்ட்) போட்டு அப்புறம் ரெண்டு பாயின்ட்டும் எடுத்து சமன் பண்ணிட்டான். ரெண்டு ஓவர்டைம், 43-35. நடுராத்திரி தாண்டிடுச்சு, எனக்கு குரலே இல்ல. இவர் சைடுலைன்ல லேசா சாய்ஞ்சு நடந்ததை அன்னைக்குதான் கவனிச்சேன், ரத்தம் கட்டி 2021ல இடது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்கன்னு பக்கத்துல இருந்தவர் சொன்னாரு.

டல்லாஸ் மாமா:
தம்பி நீங்க பாத்தது கோச்சை. நான் ஆட்டக்காரனைப் பாத்தவன். 97ல எச்1 விசால வந்த புதுசு, ஆபீஸ்ல ஒருத்தர் டெக்சஸ் ஸ்டேடியத்துக்கு கூட்டிட்டு போனாரு, கூரை நடுவுல ஓட்டையோட இருக்குமே அந்தப் பழைய ஸ்டேடியம். இவர்தான் 21ஆம் நம்பர், அவரையே பாரு பாருன்னாரு. பாத்தேன், முக்கால் மணி நேரம் ஒண்ணுமே நடக்கல. என்னங்க இந்த ஆளு சும்மா ஓடிட்டு ஓடிட்டு வராருன்னு கேட்டா சிரிக்கிறாரு. அப்புறம்தான் புரிஞ்சுது, பந்து பிடிக்க வர எதிராளியை ஒட்டி ஓடித் தடுக்கறதுதான் இவர் வேலை, அந்தப் பக்கம் பந்தை எறிய எதிர் டீம்காரனுக்கு தைரியமே இல்ல. ஜான்டி ரோட்ஸ் பாயின்ட்ல நின்னா நம்மாளுங்க அந்தப் பக்கம் தட்டிட்டு சிங்கிள் ஓட மாட்டாங்கல்ல, அதே கதை. பந்து வராததுதான் அவர் திறமை. ஆனா பந்தை உயர உதைச்சு இவர் பிடிக்க நின்னாருன்னா மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிக்கும். பந்தோட ஓடறவனை இடிச்சுக் கீழ தள்ள மட்டும் மாட்டார்னு அப்பவே திட்டுவாங்க, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு.

பேஸ்பாலும் ஆடினவர்ப்பா. 92 அக்டோபர்ல மத்தியானம் மயாமில ஃபுட்பால், அது முடிஞ்சு பிட்ஸ்பர்க்குக்கு பறந்து போய் ராத்திரி பேஸ்பால் டீமோட உக்காந்தாரு. அங்க அவரை இறக்கவே இல்லைங்கறது வேற விஷயம். சூப்பர் பவுல் (ஃபுட்பால் ஃபைனல்), வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் ஃபைனல்) ரெண்டுலயும் ஆடினது இன்னைக்கு வரைக்கும் இவர் ஒருத்தர்தான்.

மிசிசிப்பி அக்கா:
எல்லாரும் கொலராடோன்னே பேசுறீங்க. நான் 2022ல ஜாக்சன்ல இருந்தேன், அவர் ஜாக்சன் ஸ்டேட் கோச். கறுப்பின மாணவங்களுக்குன்னு ஆரம்பிச்ச காலேஜ், காசு கம்மி. ஸ்கூல் ஆட்டக்காரங்கள்ல நாட்டுலயே நம்பர் ஒண்ணுன்னு சொன்ன ட்ராவிஸ் ஹன்டர் பெரிய காலேஜை விட்டுட்டு அங்க வந்தான்னா யாராலன்னு சொல்லணுமா. அந்த ஆகஸ்ட் கடைசில ஊருக்கே குழாயில தண்ணி நின்னுபோச்சு, டாய்லெட்டுக்குக் கூட இல்ல, நாங்க பாட்டில் தண்ணிக்கு கார்ல க்யூ. அப்ப அவர் டீம் பசங்களைத் தங்க வைக்க ஹோட்டல் தேடறேன்னு வீடியோல பேசினதுலதான் வெளியூர்க்காரங்க பல பேருக்கு எங்க கஷ்டமே தெரிஞ்சுது.

மூணு சீசன்ல 27 ஜெயிப்பு, 6 தோல்வி. டிசம்பர் 3 லீக் ஃபைனல் ஜெயிச்ச அன்னைக்கு ராத்திரியே பசங்களைக் கூப்பிட்டு கிளம்பறேன்னு சொல்லிட்டாரு. என்கூட வேலை பாத்த நர்ஸ் அந்தக் காலேஜ்ல படிச்சவங்க, திங்கக்கிழமை வந்தாங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மேஜைல இருந்த காலேஜ் காபி கப்பை மட்டும் காணோம். கோபம்னு சொல்ல மாட்டேன், பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடு மாதிரி இருந்தாங்க.

போல்டர்வாசி:
அக்கா, இங்கயும் அந்தக் கதை உண்டு. வந்த முதல் மீட்டிங்லயே பழைய பசங்ககிட்ட வேற காலேஜ் பாத்துக்கோங்க, நான் என் பெட்டியைக் கொண்டு வரேன், அது லூயி வுட்டானுன்னாரு. அம்பது பேருக்கு மேல போயிட்டாங்க. நான் டிஏவா (பாடம் நடத்த உதவியாளரா) இருந்த க்ளாஸ்ல ஒரு பையன், எப்பவும் பின் வரிசை, ஹோம்வொர்க் ஒழுங்கா குடுப்பான், செமஸ்டர் முடிஞ்சதும் ஆளைக் காணோம். எனக்கு இன்னும் அது சரின்னு தோணல. ஆனா 98 கெஜத்துக்கு கத்தினவனும் நான்தானே.

டல்லாஸ் மாமா:
அதுக்குத்தான்பா ரசிகன்னு பேரு. 2024ல 9 ஜெயிச்சாரு, ஜாக்சன்ல இருந்து கூடவே வந்த ஹன்டருக்கு ஹைஸ்மன் (சிறந்த காலேஜ் ஆட்டக்காரர் விருது). 2025ல ஷெடூர், ஹன்டர் ரெண்டு பேரும் என்எஃப்எல் (ப்ரொஃபஷனல் லீக்) போனாங்க, டீம் ஜெயிச்சது 3 மேட்ச்தான். நடுவுல கோச்சுக்கு புத்துநோய், மூத்திரப்பையையே எடுத்துட்டு வந்து நின்னாரு. இப்ப டிக்கெட் எப்படி இருக்கு?

போல்டர்வாசி:
ரூம்மேட் இப்ப சும்மா தர மாட்டேங்கறான் மாமா.