வீட்டு வைஃபைக்குப் பூட்டுப் போட்ட அனுபவங்கள்

செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை:
கீழே பட்டறை, மேலே வீடு; இரண்டுக்கும் ஒரே ரூட்டர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் வாங்கியதை 2019 வரை மாற்றவில்லை. அதில் டபிள்யூ.ஈ.பி. (WEP) என்ற மிகப் பழைய குறியாக்கம், அதாவது காற்றில் போகும் தரவை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றும் முறை, வைத்திருந்தேன். சாவி பத்து இலக்கம் கேட்டதால் என் கைபேசி எண்ணையே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒரு மாலை மடிக்கணினியோடு வந்து, "மாமா, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். அதில் என் எண் இருந்தது. காற்றில் போகும் தரவைப் பிடித்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்ததாகச் சொன்னான். வெள்ளி எடைக் கணக்கும் வாடிக்கையாளர் பட்டியலும் இருந்த கணினி அதே இணைப்பில்தான் இருந்தது. மறுநாளே புது ரூட்டர் வாங்கி, அதைவிடப் பலமான டபிள்யூ.பி.ஏ.2 (WPA2) முறையைப் போட்டுவிட்டேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய அந்தப் பையனை எல்லோர் முன்னிலையிலும் திட்டி அனுப்பினேன். அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சூரமங்கலம்:
பட்டறை அண்ணன் சொல்வதில் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. கடைப் பலகையில் எழுதியிருக்கும் எண்ணை முயன்று பார்க்கத் தரவைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. கைபேசி எண்ணைச் சாவியாக வைக்கும் பழக்கம் தொடர்ந்தால் டபிள்யூ.பி.ஏ.2-வும் காப்பாற்றாது; ஏனென்றால் கைபேசியும் ரூட்டரும் இணையும் நொடியில் பரிமாறிக்கொள்ளும் செய்திகளை ஒருவர் பதிவுசெய்துகொண்டால், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பத்து இலக்க எண்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துவிட முடியும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம் என்பதால், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். ரூட்டர் குறியாக்க வகையைக் கேட்டால் ஏ.ஈ.எஸ். (AES) மட்டும் போதும், பழைய வகையான டி.கே.ஐ.பி.யைத் (TKIP) தேர்ந்தால் பாதுகாப்பும் குறையும், வேகமும் நொடிக்கு 54 மெகாபிட்டைத் தாண்டாது. கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூ.பி.எஸ். (WPS) வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அதன் 8 இலக்க ரகசிய எண்ணை (PIN) ரூட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் 'அட்மின்' கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பயனில்லை. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒருவருடைய வைஃபை வழியாக அனுப்பப்பட்டதையும், அவர் விசாரணைக்கு ஆளானதையும் நினைவில் கொள்ளுங்கள்.

என் அனுபவம் சிறியது. ஓர் இரவு இரண்டு மணிக்கு, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு கைபேசி இருந்தது. அது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை:
பலகையில் இருப்பது தரைவழி எண், தம்பி. கைபேசி எண் அதில் இல்லை. டபிள்யூ.ஈ.பி. உடையும் என்பது 2001-லேயே நிரூபிக்கப்பட்டதாகப் பிறகு படித்தேன். பையன் சொன்னது உண்மைதான்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
2020-இல் மழையோடு மின்சாரம் போய் வந்த ஒரு நாள் எங்கள் ரூட்டர் பழுதானது. சரிசெய்ய வந்தவர் சோதனைக்காகப் பாதுகாப்பை நீக்கினார். திரும்பப் போடாமல் போய்விட்டார். நாங்களும் கவனிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, பனி இறங்கிய ஓர் இரவில், வேலிக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு முகங்கள் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. திருடர்கள் என்று பயந்து உடனே கடவுச்சொல் போட்டேன். மறுநாள் மாலையும் அதே மரத்தடியில் அந்த இருவரும் நின்றார்கள். தோட்டத்தில் மிளகு பறிக்கும் அக்காவின் பிள்ளைகள். மூத்தவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, நெட்டு போயிடுச்சுங்களா? பாடம் வரல" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ரூட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக ஒன்று இருப்பதையும், அதில் வருபவர்களுக்கு நம் வீட்டுக் கணினிகள் தெரியாதபடி அமைக்கலாம் என்பதையும் அன்றுதான் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கும் டபிள்யூ.பி.ஏ.2 போட்டு, கடவுச்சொல்லை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

சூரமங்கலம்:
நல்ல காரியம்தான் அக்கா. ஆனாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. நோட்டில் எழுதிய கடவுச்சொல் வகுப்பு முழுவதும் சுற்றும். மாதம் ஒருமுறையாவது மாற்றுங்கள்.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
மாற்றினேன், ஒவ்வொரு முறையும் அவளிடம் நானே போய்ச் சொன்னேன்.

அம்மாபேட்டை:
போன வருடம் புது ரூட்டரில், டபிள்யூ.பி.ஏ.2-க்கு அடுத்து வந்த டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தேன். என் கைபேசி இணைந்தது, தொலைக்காட்சியும் இணைந்தது. அம்மாவின் பழைய கைபேசிக்கு அந்தப் புது முறை தெரியாது, அது இணையவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. தினமும் இரவு எட்டரைக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் பேரன் காணொளியில் அழைப்பான். மூன்று நாள் அம்மா அந்தக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நாள், "அவனுக்கு எம்மேல என்ன கோவம்?" என்றார்கள். டபிள்யூ.பி.ஏ.2-வும் 3-உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.