புதுப்பிப்பு: பண்டாரவளை சரிவுப் புல்தரைக்கு நிலத்தடி ஸ்பிரிங்ளர்

மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை வைத்து, மோட்டர் இல்லாமலே ஸ்பிரிங்ளர் ஓடுமா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

ஓடாது. தாங்கி 8 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 10 மீற்றருக்கே ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான். மண்ணுக்குள்ளிருந்து எழும்பும் ஸ்பிரே தலைகளுக்கு 2 பார் அளவில் வேண்டும். அதனால் சின்ன மோட்டர் ஒன்று பூட்டினோம்.

கைகொடுத்தது வாளிக் கணக்கு சொன்ன அண்ணனின் யோசனை. குழி வெட்ட முதல், அழுத்தம் காட்டும் கேஜின் முள் 2 பாரில் நிற்கும்படி வால்வைத் திருகி, 10 லீற்றர் வாளியைப் பிடித்தோம். 15 விநாடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு 40 லீற்றர். அரைவட்டத் தலை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 லீற்றர் குடிக்கும். ஆகவே வரிசைக்கு 5 தலை, 2 வரிசை, தனித்தனி வால்வு. பெரிய மோட்டர் வாங்கச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், தேவைப்படவில்லை.

எதிர்பாராதது: வால்வை மூடிய பிறகும் ஆகக் கீழே உள்ள தலையில் தண்ணீர் கசிந்து, அந்த இடம் சேறாகிவிட்டது. மேல் பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. பைப்பில் நிற்கும் தண்ணீர் வடியாமல் தடுக்கும் செக் வால்வு உள்ள தலைகளாக மாற்றினோம், கசிவு நின்றது. சரிவு நிலக்காரர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரேயடியாக 15 நிமிடம் விட்டால் பாதித் தண்ணீர் கானுக்குத்தான் போகிறது. இப்போது இடைவெளி விட்டு ஐந்தைந்து நிமிடம், அதுவும் விடியற்காலையில். கச்சான் காற்று எழும்பினால் பக்கத்து வீட்டு உடுப்புக் கொடிதான் நனையும்.