கம்போடியாவுக்குள் வியட்நாம் நுழைந்தது சரியா, தவறா?

அரவிந்தன்_தஞ்சை:
1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் நொம் பென்னைப் பிடித்தது. அந்த நாள் வந்தாலே கம்போடியாவில் இரண்டு குரல் கேட்கும். இனப்படுகொலையிலிருந்து நாடு மீண்ட நாள் என்று அரசு கொண்டாடும். வியட்நாம் ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வார்கள். நான் முதல் பக்கம். ஏன் என்று எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் வாருங்கள்.

1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம், நொம் பென் நகரத்தையே காலி செய்து மக்களை வயலுக்கு ஓட்டியது. பணத்தை ஒழித்தது, மத்திய வங்கியை வெடி வைத்துத் தகர்த்தது. பள்ளி, சந்தை, புத்த மடம் எல்லாவற்றையும் மூடியது. நான்கு ஆண்டுகூட நிறையவில்லை, அதற்குள் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

நொம் பென்னில் கெமர் ரூஜ் நடத்திய துவோல் ஸ்லெங் சிறை அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள்ளேயே செங்கல் அடுக்கி, ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த ஒவ்வொருவரையும் எண் குத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். வியட்நாம் படையோடு வந்தவர்கள் பிண வாடையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்புக் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்த கடைசி 14 உடல்களை அந்த முற்றத்திலேயே புதைத்திருக்கிறார்கள். நேரில் போனவர்கள் அந்த 14 கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள்.

இதை நிறுத்த எந்த நாடும் படை அனுப்பவில்லை. 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம்தான் சுமார் ஒன்றரை லட்சம் வீரர்களோடு எல்லை தாண்டியது. இரண்டே வாரத்தில் கெமர் ரூஜ் தலைவன் போல் பாட் ஓடினான். இதைத் தவறு என்பவர்கள், பிழைத்த அந்த மக்களிடம் என்ன சொல்வார்கள்?

சிங்கை_கண்ணன்:
கெமர் ரூஜ் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. மறுப்பு வேறு இடத்தில். வியட்நாம் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. 1975 வரை கெமர் ரூஜுக்குத் தோள் கொடுத்ததே வடக்கு வியட்நாம்தான். நொம் பென்னைக் காலி செய்தபோது வியட்நாம் தலைநகரான ஹனோய் வாய் திறக்கவில்லை. தன் எல்லைக் கிராமங்களில் அடி விழுந்தபோதுதான் கோபம் வந்தது. 1978 ஏப்ரலில் பா சுக்கில் மட்டும் 3,157 பேரைக் கெமர் ரூஜ் வெட்டிப்போட்டது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு எல்லையில் திருப்பி அடிக்கலாம், அதற்கு மேல் உரிமை இல்லை. தலைநகரைப் பிடித்து, தனக்கு வேண்டியவர்களை ஆட்சியில் உட்கார வைத்து, அடுத்த மாதமே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தங்கிவிட்டது.

நான் இருப்பது சிங்கப்பூரில். பெரிய அண்டை நாடு ஒன்று, 'உன் அரசு மோசமானது, அதனால் வந்தேன்' என்று சொல்லி உள்ளே வருவதை ஒரு முறை உலகம் ஒப்புக்கொண்டால், எங்களைப் போன்ற ஊருக்கு எந்தக் காப்பும் கிடையாது. அன்று எங்கள் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர். 1979 செப்டம்பரில் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் அணிசேரா நாடுகள் கூடியபோது, வியட்நாம் வைத்த அரசுக்கு இடம் தரக் கூடாது என்று கியூபாவோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றார். கடைசியில் கம்போடியாவின் இடம் காலியாகவே விடப்பட்டது. அவர் போல் பாட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. படை பலத்தால் ஆட்சி மாற்றுவது வழக்கமாகிவிடக் கூடாது என்று வாதாடினார்.

முத்துவேல்_72:
கண்ணன் சார், அப்படியானால் 1971-ல் கிழக்கு பாகிஸ்தானுக்குள் இந்தியா போனதும் தவறுதானா? ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், நம் காரணமும் பாதி பாதுகாப்புக் காரணம்தான். கம்போடியா நடந்த அதே 1979-ல் தான்சானியப் படை உகாண்டாவுக்குள் போய்ச் சர்வாதிகாரி இடி அமீனைத் துரத்தியது. அதற்காகத் தான்சானிய அதிபர் நியரேரேவை யாரும் பத்தாண்டு ஒதுக்கி வைக்கவில்லை. வியட்நாமை ஒதுக்கியதற்குக் காரணம் கொள்கை என்றால் என்னால் நம்ப முடியவில்லை. அது சோவியத் பக்கம் நின்றது, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசு, கம்போடியாவில் வியட்நாம் உட்கார வைத்த ஹெங் சாம்ரின் அரசை அங்கீகரித்தது. அதனால்தான் 1986 முதல் 1993 வரை நம் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் சீரமைப்பு வேலை செய்ய முடிந்தது. அந்த அங்கீகாரம் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மலர்விழி:
முத்துவேல் சார், நீங்கள் எடுத்த உதாரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது. 1971 டிசம்பரில் டாக்காவுக்குள் போன இந்தியப் படை 1972 மார்ச்சில் வெளியேறிவிட்டது. வியட்நாம் படை வெளியேறியது 1989 செப்டம்பரில். பத்தாண்டுக்கு மேல்! போனது சரியா என்ற கேள்வியில் நான் அரவிந்தன் பக்கம். போல் பாட்டைத் துரத்தியதற்காக எவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தங்கியதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

பென் சோவன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? வியட்நாமே கொண்டுவந்து உட்கார வைத்த பிரதமர். கொஞ்சம் சுயமாகப் பேசத் தொடங்கினார். 1981 டிசம்பரில் பிடித்து ஹனோய்க்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு அடைத்து வைத்தார்கள். ஒரு நாட்டின் பிரதமரை இன்னொரு நாடு சிறையில் போடுகிறது. அதற்கு எந்த இனப்படுகொலையைக் காரணம் காட்டுவது?

அடுத்தது கே-5 திட்டம். 80களின் நடுவில் தாய்லாந்து எல்லை நெடுக அகழி வெட்டி, முள்வேலி போட்டு, கண்ணிவெடி புதைத்து ஒரு தடுப்பு கட்டினார்கள். வேலைக்கு யார்? ஊர் ஊராக ஆள் கணக்குப் போட்டுக் கிராமத்து விவசாயிகளை லாரியில் ஏற்றினார்கள். போல் பாட் காலத்துக் கட்டாய வேலையிலிருந்து தப்பிப் பிழைத்த அதே ஆட்கள். காட்டை வெட்டும்போது மலேரியா, கால் வைத்த இடத்தில் வெடி. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காலை இழந்து திரும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கண்ணிவெடிகளை இன்றுவரை தோண்டி எடுத்து முடியவில்லை.

அரவிந்தன்_தஞ்சை:
மலர்விழி, கே-5 கொடுமை, பென் சோவனுக்கு நடந்தது அநியாயம். இரண்டிலும் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஏன் தங்கினார்கள் என்பதைப் பாதியிலேயே விட்டுவிட்டீர்கள். இந்தியா மூன்று மாதத்தில் வர முடிந்ததற்குக் காரணம், தோற்ற பாகிஸ்தான் படை மொத்தமும் சரணடைந்துவிட்டது. கெமர் ரூஜ் சரணடையவில்லை. தாய்லாந்து எல்லைக்கு ஓடிப்போய் உட்கார்ந்தது. சீன ஆயுதம் தாய்லாந்து வழியாக வந்தது. அகதி முகாம்களுக்குப் போன அரிசியில் அவர்களுடைய சண்டைக்காரர்களும் சாப்பிட்டார்கள். 1979 பிப்ரவரி 17 அன்று சீனா வியட்நாமின் வடக்கு எல்லையில் படையோடு இறங்கியது, பாடம் புகட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு. அந்த நிலையில் ஹனோய் படையைத் திரும்ப அழைத்திருந்தால் நொம் பென்னுக்கு மறுபடி யார் வந்திருப்பார்கள்?

கண்ணன் சாருக்கு ஒன்று. 1979 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தது. கம்போடியாவின் இடம் கெமர் ரூஜுக்கே என்று 71 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 35. துவோல் ஸ்லெங்கைத் திறந்து உலகத்துக்குக் காட்டிய பிறகு நடந்த வாக்கெடுப்பு இது. ஹவானாவில் காலியாக விட முடிந்த இடத்தை நியூயார்க்கில் ஏன் விட முடியவில்லை? சிறு நாடுகளின் பாதுகாப்பு என்ற உங்கள் வாதத்தை மதிக்கிறேன். அதற்காகக் கொலைகாரனின் தூதரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கத்தான் வேண்டுமா?

சிங்கை_கண்ணன்:
எல்லா நாடுகளும் மனதாரக் கை தூக்கவில்லை. கம்போடியாவின் முன்னாள் மன்னர் சிஹானூக்கை நினைத்துப் பாருங்கள். அவரைக் கெமர் ரூஜ் வீட்டுக்காவலில் வைத்திருந்தது. பிள்ளைகள் ஐந்து பேரையும் பேரப்பிள்ளைகள் பதினான்கு பேரையும் அந்த ஆட்சியில் பறிகொடுத்தவர். அவரே 1979 ஜனவரியில் பாதுகாப்பு மன்றத்தில் எழுந்து நின்று, வியட்நாம் வெளியேற வேண்டும் என்று பேசினார். அவரைவிடப் போல் பாட்டை வெறுக்கக் காரணம் உள்ளவர் யார்? அந்நியப் படை தங்கிவிட்டால் நாடே போய்விடும் என்ற பயம் அவருக்குப் பெரிதாக இருந்தது. கெமர்களுக்கும் வியட்நாமியர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுப் பகை உண்டு. மீகாங் கழிமுகம் ஒரு காலத்தில் கெமர்களின் மண்.

இன்னொன்று. சிங்கப்பூர் ஆயுதம் தந்தது சோன் சான் தலைமையிலான கம்யூனிஸ்ட் அல்லாத அணிக்கு. 1982-ல் சிஹானூக், சோன் சான், கெமர் ரூஜ் மூவரையும் ஒரே கூட்டணியில் சேர்த்ததும் போல் பாட் ஆட்களின் கை மட்டும் ஓங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பத்தாண்டு நெருக்கடி இல்லையென்றால் 1989-ல் வியட்நாம் போயிருக்காது, 1991-ல் பாரிஸ் அமைதி உடன்பாடு வந்திருக்காது, 1993-ல் ஐ.நா. நடத்திய தேர்தலும் நடந்திருக்காது.

முத்துவேல்_72:
1989-ல் வியட்நாம் போனதற்கு முக்கியக் காரணம் மாஸ்கோ, சார். கோர்பச்சேவ் கையைச் சுருக்கினார், ஹனோய் 1986-லேயே பொருளாதாரத்தைத் திருத்த இறங்கிவிட்டது, பட்டினியோடு இன்னொரு நாட்டில் படையை வைத்திருக்க முடியவில்லை. அமெரிக்காவே 1990 ஜூலையில் அந்தக் கூட்டணிக்கான ஆதரவைக் கைவிட்டது. அதுவரை அதைத் தூக்கிப் பிடித்ததால் யாருக்கு என்ன லாபம்? போல் பாட்டுக்குப் பத்தாண்டு ஆயுள் கூடியது.

மலர்விழி:
இரண்டு பக்கமும் பேசாத ஒரு விஷயம், வழக்கு. 1979 ஆகஸ்டிலேயே நொம் பென்னில் போல் பாட்டுக்கும் அவனுடைய வெளியுறவு அமைச்சர் இயெங் சாரிக்கும் அவர்கள் இல்லாமலே விசாரணை நடத்தித் தண்டனை கொடுத்தார்கள். வியட்நாம் நிழலில் நடந்தது என்று உலகம் தள்ளிவிட்டது. சாட்சிகளின் வாக்குமூலம் உண்மை. அதைக் கேட்க ஆள் இல்லை. 1998-ல் போல் பாட் எந்த நியாயமான நீதிமன்றத்தையும் பார்க்காமலே செத்தான். 1996-ல் அரச மன்னிப்பு வாங்கிய இயெங் சாரி, பிறகு விசாரணை நடக்கும்போதே 2013-ல் போய்ச் சேர்ந்தார். ஐ.நா. துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம் கடைசிவரை தண்டித்தது மூன்று பேரைத்தான். துவோல் ஸ்லெங்கை நடத்திய டூயிக், போல் பாட்டுக்கு அடுத்த நிலையில் இருந்த நுவோன் சியா, அந்த ஆட்சியின் அரசுத் தலைவர் கியூ சாம்பான்.

அந்த நீதிமன்றத்தின் கால வரம்பைக் கவனியுங்கள். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 6 வரை. நொம் பென் விழுவதற்கு முந்தின நாளோடு கணக்கு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கெமர் ரூஜுக்கு ஆயுதம் கொடுத்தவர்கள், எல்லையில் இடம் கொடுத்தவர்கள் யாரையும் கேட்க முடியாது. கே-5-க்கு ஆள் பிடித்தவர்களையும் கேட்க முடியாது. 1985-ல் பிரதமரான ஹுன் சென் 1993 தேர்தலில் தோற்றும் நாற்காலியை விடவில்லை, 2023 வரை இருந்து மகனிடம் கொடுத்தார். வியட்நாம் விட்டுப்போன ஆட்சிதான் அது. பாரிஸில் கையெழுத்துப் போட்டவர்களும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அரவிந்தன், அன்று நுழைந்தது சரி என்று நானும் சொல்கிறேன். அப்படிச் சொல்கிற நாம்தான் பென் சோவனைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டும். கண்ணன் சாரும் அவர் தரப்பிலிருந்து அந்த 71 வாக்குகளுக்குப் பதில் சொல்லட்டும். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

சிங்கை_கண்ணன்:
சொல்கிறேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால், காலியான இடத்தை அடுத்த ஆண்டே ஹெங் சாம்ரின் அரசு கேட்டு வாங்கியிருக்கும், படையும் அங்கேயே நிலைத்திருக்கும். இதுதான் அன்று சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளின் கணக்கு. நான் இன்றும் அந்தக் கணக்கோடுதான் நிற்கிறேன், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்தே.

அரவிந்தன்_தஞ்சை:
நான் நிற்க மாட்டேன். ஹவானாவில் காலியாக விட்ட இடத்தை அடுத்தடுத்த மாநாடுகளிலும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஐ.நா.விலும் அதைச் செய்திருக்கலாம்.